ஈரத்தில் பாழான இருபத்தைந்து தோட்டாக்கள்

யானைக்கவுனிக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் நான் ஒன்பது வருஷம் ரைட்டராக இருந்தேன். பெரிய கடை இல்லை. கண்ணாடி அலமாரி இரண்டு. அதில் சங்கிலி கோத்துப் பூட்டிய துப்பாக்கிகள் பதினைந்து இருபது நிற்கும். பின்னால் இரும்புக் கதவு போட்ட சின்ன அறையில் தோட்டாப் பெட்டிகள். வாசலைப் பார்த்த மாதிரி ஒரு சாய்வு மேஜை. அதுதான் என் இடம்.

தோட்டா ரிஜிஸ்தர் எழுதுவது என் வேலை. யார் தோட்டா கேட்டு வந்தாலும் முதலில் லைசென்ஸை வாங்கிப் பார்க்க வேண்டும். இவர் வருஷத்துக்கு இத்தனை தோட்டா வாங்கலாம் என்று அதில் போட்டிருக்கும். அதுவரை வாங்கியது பின்பக்கத்தில் தேதிவாரியாக இருக்கும். கூட்டிப் பார்த்து மிச்சம் இருந்தால்தான் கொடுக்கலாம். கொடுத்ததை லைசென்ஸின் பின்னாலும் எழுதி, எங்கள் ரிஜிஸ்தரிலும் எழுதி, வாங்கினவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர், என்ன ரகம், எத்தனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வந்து ரிஜிஸ்தரைப் புரட்டுவார், உள்ளறையில் இருப்பை எண்ணிப் பார்ப்பார், கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச்சு ஓட்டினவர். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சாமியார் அடித்து அடித்துப் பழக்கிய கையெழுத்து எனக்கு, அச்சுப் போலிருக்கும். அதைப் பார்த்துத்தான் முதலாளி வேலை கொடுத்தார். யுத்தம் முடிந்த சமயம் அது. வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகிற அவசரத்தில் துப்பாக்கிகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். பிறகு சுதந்திரம் வந்தது. வாடிக்கைக்காரர்கள் மாறினார்கள். ரிஜிஸ்தர் மட்டும் அதே கோடு, அதே கட்டம்.

நான் சொல்லப்போவது ஒரு வக்கீலைப் பற்றி. அவரால் செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றியும்.

வக்கீலை எனக்குக் கடைக்கு வருவதற்கு முன்பே தெரியும். யுத்த காலத்தில் அப்பாவின் வலது கையில் மூன்று விரல் வின்ச்சில் போயிற்று. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அம்மா யார் யாரிடமோ போய்க் கடைசியில் இவரிடம் போனாள். அவர் உட்கார்ந்த இடத்திலேயே மனு எழுதி, தானே நேரில் போய் வாதாடி, அப்பாவைத் துறைமுகக் கேட்டில் காவல் வேலைக்குச் சேர்க்க வைத்தார். எங்களிடமிருந்து ஒரு வாழைப்பழம்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு சுதந்திரப் போராட்டத்தில் அவரே ஜெயிலுக்குப் போனார். ஜெயிலுக்குப் போனவருக்கு எதற்குத் துப்பாக்கி என்று சர்க்கார் அவருடைய லைசென்ஸை ரத்து செய்து, அவர் அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்துப்போய்விட்டது. சுதந்திரம் வந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அதை எண்ணெய் போட்டுத் துடைக்க எங்கள் கடைக்குக் கொண்டுவந்தபோது, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

மார்கழிக் குளிரில் எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கிளுவை வாத்தும் உள்ளானும் வந்து இறங்கும். சனிக்கிழமை விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு வக்கீல் தனியாகவே சுடப் போவார். திங்கட்கிழமை கடைக்கு வந்தால் எத்தனை பறவை விழுந்தது என்று சொல்ல மாட்டார். சூரியன் எப்படி வந்தது, தண்ணீர் எந்த நிறத்தில் இருந்தது என்றுதான் சொல்வார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆனால் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவர் முகம் மாறிவிடும்.

"வெள்ளைக்காரன் எழுதி வெச்சான், சரி. அவனுக்கு நம்ம மேல பயம். இப்ப யாருக்கு யார் மேல பயம் ரைட்டரே? நான் ஓட்டுப் போட்டு உக்கார வெச்ச சர்க்கார் என் தோட்டாவை எண்ணிப் பார்க்குதே, இது என்ன நியாயம்?"

அந்த வருஷம் இந்தப் பேச்சு அவரோடு நிற்கவில்லை. கடைக்காரர்கள் மாதா மாதம் விற்பனைப் பட்டியலைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்று புது உத்தரவு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. துப்பாக்கி லைசென்ஸ்காரர்கள் ஒன்றுகூடி ஜார்ஜ் டவுனில் ஒரு மாடி ஹாலில் கூட்டம் போட்டார்கள். மனு எழுதி சர்க்காருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வக்கீல்தான் முக்கியமாகப் பேசினார். முப்பது வருஷமாக நாம் கேட்டதில் இதுவும் ஒன்றுதானே, சொந்த மண்ணில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை, அதை இப்போது நம்மவர்களே சந்தேகக் கண்ணோடு பார்ப்பதா என்று கேட்டார். திருடன் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டா தோட்டா வாங்குகிறான் என்றார். ஹாலில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பின்வரிசையிலிருந்து ஒரு வயதான டாக்டர் எழுந்தார். அவரும் எங்கள் வாடிக்கைக்காரர்தான், முயல் வேட்டைக்குப் போகிறவர். "என் டிஸ்பென்சரியில மார்பியா மருந்துக்கு ஒரு நோட்டு இருக்கு. ஒரு துளி எடுத்தாலும் எழுதறேன். அதுக்காக யாரும் என்னைத் திருடன்னு சொன்னதில்லை. எழுதினா நமக்கு என்ன குறைஞ்சுபோகுது?" என்றார்.

"டாக்டர் ஐயா, உங்க மருந்து நோட்டைக் காட்டி உங்களை யாராவது ஜெயில்ல போட்டாங்களா? என்னைப் போட்டாங்க. என் பேர் அந்த லிஸ்ட்ல இருந்ததாலதான் என் வீட்டுக்கு நேரா வந்து துப்பாக்கியை எடுத்துட்டுப் போனாங்க" என்றார் வக்கீல்.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் உட்கார்ந்துவிட்டார். நானும் கைதட்டினேன். ரிஜிஸ்தர் எழுதுகிறவனே கைதட்டினான் என்பதை முதலாளி பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

கூட்டம் நடந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். ஐப்பசியில் பிடித்த மழை மார்கழி பிறந்தும் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வக்கீல் நனைந்துகொண்டே கடைக்கு வந்தார். ஒரு பெட்டித் தோட்டா வேண்டும் என்றார். ஒரு பெட்டி என்றால் இருபத்தைந்து. லைசென்ஸைத் திருப்பிக் கூட்டினேன். அந்த வருஷத்து அளவு முடிந்துபோயிருந்தது. ஜனவரி பிறந்தால்தான் புதுக் கணக்கு.

"ஐயா, இந்த வருஷம் மிச்சம் இல்லீங்க" என்றேன்.

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி இருக்கையை விட்டு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"நமக்காக நாயா அலையற மனுஷன். ஒரு பெட்டிக்கு இல்லைன்னு சொல்றதா? குடு."

"எழுதறதுக்கு..."

"மழைக்காலம். காகிதத் தோட்டா. ஈரத்துல ஊதிப்போறது சகஜம்தானே? அப்படி எழுதிக்க."

அது சகஜம்தான். அந்தக் காலத்துத் தோட்டாவுக்கு அடியில் பித்தளை, மேலே காகிதக் குழல். ஈரம் ஏறினால் காகிதம் ஊதித் துப்பாக்கிக் குழலுக்குள் போகாது. அப்படிப் பாழானதை ரிஜிஸ்தரில் தனியாகக் குறித்து அழித்துவிடுவோம். அதனால் நான் தயங்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். அந்த வாரம்தான் கப்பலில் வந்த சரக்கு, பச்சைக் காகிதம். அதற்கு முன் எங்களுக்கு வந்ததெல்லாம் சிவப்பு. நான் பிரித்த முதல் பெட்டி அதுதான். 'ஈரத்தில் பாழானவை, 25, அழிக்கப்பட்டன' என்று எழுதினேன். அப்பாவின் கேட்டு வேலையை நினைத்துக்கொண்டேன். இவருக்கு இதுகூடச் செய்யக்கூடாதா என்று இருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் யாரோ பக்கத்தில் விரித்த பேப்பரில் நாலே வரிச் செய்தி பார்த்தேன். எண்ணூர்க் கழிமுகத்தில் சனிக்கிழமை விடியற்காலையில் இறால் பிடித்துக்கொண்டிருந்த மீனவப் பெண் மேல் துப்பாக்கி ரவை பாய்ந்தது, ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், சுட்டவர் யாரென்று தெரியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பனியில் தலைமட்டும் தெரிந்திருக்கும். வக்கீலின் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. எத்தனையோ பேர் அங்கே சுடப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். கடைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை அந்தப் பெண் இறந்துபோனாள்.

வியாழக்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். ஊரில் இருக்கிற எல்லாத் துப்பாக்கிக் கடை ரிஜிஸ்தரையும் பார்த்து வருவதாகச் சொன்னார். கரையில் கிடந்ததாக ஒரு காலித் தோட்டாவை மேஜையில் வைத்தார். பச்சைக் காகிதம். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி என் வரியில் நின்றது.

"பாழானதை என்ன செஞ்சீங்க?"

"தண்ணில ஊறவெச்சுக் கடல்ல கொட்டிட்டோம் சார்" என்றார் முதலாளி.

"ரைட்டர், இது நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"நிஜம்தானே?"

"ஆமா சார்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடல் வெயிலில் கறுத்த உடம்பு, தோளில் ஒரு துண்டு. படி ஏறாமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னா சார், இங்க துப்பாக்கித் தோட்டா விக்கறீங்களா?"

"ஆமா. உங்களுக்கு இன்னா வேணும்?"

மடியை அவிழ்த்து ஒன்றை எடுத்து நீட்டினார். போலீஸ்காரர் கொண்டுவந்ததற்கு ஜோடி.

"இத்தப் பாரு நைனா. ரெண்டு கெடந்துச்சு. ஒண்ணு போலீசுக்காரு வாங்கிக்கினாரு. இத்த நான் குடுக்கல. என் சம்சாரம் வியுந்து கெடந்த எடத்துலேருந்து அம்பது மொழம் இருக்கும், உப்பளத்துக் கரையாண்ட கெடந்துச்சு."

நான் அதைக் கையில் வாங்கவில்லை.

"இது நாலாவது கடை. எல்லாரும் தெரியாதுன்றாங்க. யாரு வாங்கிகினு போறாங்கோன்னு ஒரு பொஸ்தகத்துல எய்தி வெப்பீங்களாமே? போலீசுக்காரு சொன்னாரு. கொஞ்சம் பாத்துச் சொல்லு நைனா. அடிக்க கிடிக்க மாட்டேன். யாருன்னு தெரிஞ்சா போதும்."

ரிஜிஸ்தரைத் திறந்தேன். அவர் அப்போதுதான் படியேறி வந்து மேஜை மேல் குனிந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் என் விரல் போகிற இடமெல்லாம் அவர் கண்ணும் போயிற்று. அந்த வரியின் மேல் விரல் வந்ததும் நான் நிறுத்தாமல் கீழே இறக்கினேன்.

"இல்ல. இதுல இல்ல."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்."

"சரி நைனா" என்றார். தோட்டாவைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டார். "அன்னிக்குக் கடல் கொந்தளிப்பா இருந்துச்சு. கட்டுமரம் எதுவும் எறங்கல. அதான் அவ எறா புடிக்கக் கயிக்குப் போனா. நாந்தான் போவச் சொன்னேன்." இதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. படியிறங்கி அடுத்த கடை எங்கே இருக்கிறது என்று தெருவில் யாரையோ விசாரித்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி கொடுத்தது, ஈரம் என்று எழுதியது, இல்லை என்று சொன்னது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்தப் பொம்பளைக்கு எத்தினி புள்ளைங்க?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக வக்கீல் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீங்கதானா ஐயா?" என்றேன்.

ஆமென்று தலையாட்டினார்.

"பனி. எதிர்க்கரையே தெரியல. தண்ணில கறுப்பா கும்பலா அசைஞ்சுது. கிளுவைன்னு நெனச்சேன். ரெண்டு குழலையும் சுட்டேன்."

"அப்புறம்?"

"ஒரு சத்தம் கேட்டுது. அடிபட்ட பறவைன்னு நெனச்சேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நெனச்சேன்னுதான் இத்தனை நாளா எனக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன். இறங்கிப் போய்ப் பாக்கலை. பறவையைத் தேடாம நான் ஒருநாளும் வந்ததில்லை. அன்னிக்கு வந்துட்டேன்."

அவர் அழுதார். அப்படி ஒரு மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை தானே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். உங்களுக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். நான் நம்பினேன். அன்றைக்கு அவரும் அதை நம்பித்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. வியாழக்கிழமை முதலாளி என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"அவர் சொல்லி அனுப்பியிருக்கார். போன உசிரு வரப்போறதில்லை. மனு குடுக்கிற நேரம். அவர் பேர் வெளிய வந்தா அத்தனை பேர் லைசென்சும் போகும், கடையும் போகும். நீ வாயைத் திறக்காம இருந்தா எல்லாருக்கும் நல்லது."

"அவரே சொன்னாரா?"

"அவரேதான்."

சனிக்கிழமை காலையில் நான் கடைக்குப் போகவில்லை. அந்தச் சப்-இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர், ஈரம் என்று எழுதிய இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"அன்னிக்கு நிஜமான்னு உங்களைக் கேட்டேன். அன்னிக்கே சொல்லியிருந்தா பெட்டியில மிச்சம் இருந்த தோட்டா அவர் வீட்டுல அகப்பட்டிருக்கும். இந்நேரம் அது எந்தக் கிணத்துல கிடக்குதோ."

அவர் சொன்னதுதான் நடந்தது. சோதனை போட்டபோது வக்கீல் வீட்டில் துப்பாக்கி இருந்தது, லைசென்ஸ் இருந்தது, பச்சைத் தோட்டா ஒன்றுகூட இல்லை. பனியில் ஒரு கார் நின்றதைப் பார்த்ததாக உப்பளத்துக் காவல்காரர் சொன்னார். நம்பர் தெரியாது, கறுப்புக் கார் என்றார். ஊரில் பாதிக் கார் கறுப்பு.

கேஸ் ஐந்தாறு மாதம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பெண்ணின் புருஷன் வந்து கோர்ட்டு வராந்தாவில் நின்றார். உள்ளே வந்து உட்காரலாம் என்று நான் சொன்னபோது, "பரவால்ல நைனா, இங்கியே காதுல வியும்" என்றார்.

என் சாட்சி நாளும் வந்தது. வக்கீலுக்காக வாதாடியவர் ரிஜிஸ்தரை என்னிடம் நீட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுடையது."

"நல்ல கையெழுத்து. இந்த வரியைப் படியும்."

படித்தேன்.

"இது உண்மையா?"

"இல்லை. பொய்."

"சர்க்கார் ரிஜிஸ்தரில் பொய் எழுதினீர். போலீஸ் அதிகாரி கேட்டபோதும் அதையே சொன்னீர். இறந்த பெண்ணின் கணவர் வந்து கேட்டபோதும் இல்லை என்றீர். மூன்று முறை பொய் சொன்ன நீர் நாலாவது முறை சொல்வது உண்மை என்று கோர்ட்டு எப்படி நம்புவது?"

வக்கீல் தன் வீட்டில் என்னிடம் ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை. வக்கீல் கூண்டில் நின்றபடி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் கேட்டபோது, "என் தரப்பு வக்கீல் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை" என்றார். அவ்வளவுதான் அவர் அந்தக் கோர்ட்டில் பேசியது.

கேஸ் நிற்கவில்லை. அவரை விடுதலை செய்தார்கள். அதே தோட்டாவை வேறு கடைகளும் வாங்கி விற்றிருக்கலாம் என்று தீர்ப்பில் இருந்தது. பொய்யாக எழுதியதற்காக என் மேல் தனியாக ஒரு கேஸ் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். கோர்ட்டு கலைகிற வரைக்கும் காவல் என்று தண்டனை. காலை பதினொரு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை ஒரு போலீஸ்காரருக்குப் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். யார் யாருடைய கேஸோ நடந்தது. ஐந்து மணிக்கு எழுந்து போகச் சொன்னார்கள். எழுந்து நிற்க வெட்கமாக இருந்தது. இன்னும் நாலு நாள் உட்கார வைத்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

கடை லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். முதலாளி என்னைத் திட்டவில்லை. "ஒன்பது வருஷம் உன் கையெழுத்தை நம்பினேன்" என்றார், அவ்வளவுதான். எழுதச் சொன்னது அவர் என்பதை இரண்டு பேருமே பேசவில்லை. வேலையை விட்டு வெளியே வரும்போது லைசென்ஸ்காரர்களில் ஒருவர் வழிமறித்தார். "பனியில நடந்த ஒரு விபத்து. அதுக்காக எங்க எல்லார் உரிமையையும் காவு குடுத்துட்டியேய்யா" என்றார். மாதப் பட்டியல் உத்தரவு அந்த வருஷமே வந்துவிட்டது. என்னால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த ஹாலில் வக்கீல் பேசியது அத்தனையும் தப்பு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. சர்க்கார் லிஸ்டை வைத்து அவர் வீட்டுக்கு வந்து துப்பாக்கியை எடுத்துப்போனது நிஜம்தானே. அவர் பேரில் நான் எழுதாமல் விட்ட வரியும் நிஜம்தான்.

வக்கீல் துப்பாக்கியையும் லைசென்ஸையும் தானாகவே ஒப்படைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கோர்ட்டுக்கும் அதிகம் போகவில்லையாம். ஒரே ஒருமுறை பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். அவருடைய வீடு அங்கிருந்து ஒரு மைலுக்கு மேலே இருக்கும். நடந்தே போயிருப்பார்.

எனக்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை கிடைத்தது. சேருவதற்கு முந்தின வாரம் ரயிலேறி எண்ணூருக்குப் போனேன். அந்தப் பெண்ணின் புருஷனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். மணலில் நடந்து குப்பத்துக்குப் போய் விசாரித்தபோது ஒரு பெண்பிள்ளை கூட்டிக்கொண்டு போயிற்று. பன்னிரண்டு பதிமூன்று வயது. அது அவருடைய மகள் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு. மனைவி கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது.

அவர் குடிசைக்கு வெளியே வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"உக்காரு நைனா" என்றார். மகளிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அத்த வுடு. நான் ஒண்ணு கேக்கணும். கோர்ட்டுல யாரும் அத்தக் கேக்கல. நீ அந்தாளு வூட்டுக்குப் போயிப் பேசுனியே, அவ கத்துனது அவரு காதுல வியுந்துச்சாமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அவர் முகத்துக்கு நேராக ஏற்கெனவே ஒருமுறை இல்லை என்று சொன்னவன் நான்.

"விழுந்துச்சு. பறவைன்னு நெனச்சாராம்."

அவர் கையிலிருந்த வலை ஊசி நின்றுவிட்டது.

"பறவையா?" என்றார். மறுபடியும், "பறவையா?"

மகள் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். அவளை உள்ளே போகச் சொன்னார்.

"அவ கொரலு உனுக்குத் தெரியாது நைனா. நான் மரத்துல வந்துகினே இருப்பேன். கரையிலேருந்து 'இன்னா மீனு'ன்னு ஒரு சத்தம் குடுப்பா. அலையத் தாண்டி வரும். நான் ஒண்ணத் தூக்கிக் காட்டுவேன். நான் கரை சேர்றதுக்குள்ள அவ வெல பேசி முடிச்சிருப்பா. குப்பமே கிண்டல் பண்ணும், இன்னாடா உன் பொண்டாட்டி கொரலு சங்கு ஊதுற மாதிரி கீதுன்னு. அந்தக் கொரலப் போயி..."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்து போகவும் தெரியாமல், இருக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரயிலுக்கு நேரமானபோது அவரே எழுந்து ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தார். வண்டி வந்து நான் ஏறிய பிறகு ஜன்னல் பக்கம் வந்தார்.

"உன் மேல கோவம் இல்ல நைனா. நீயாவது வந்து சொன்ன. ஆனா இனிமே வராத. உன்னப் பாத்தா எனக்கு அந்தக் கோர்ட்டு வராந்தா ஞாபகம் வருது. புள்ளைங்களுக்கும் இன்னாத்தச் சொல்றது?"

சரி என்றேன். வண்டி புறப்பட்டது. அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு திரும்பி, தண்டவாளத்தைத் தாண்டி, கடல் பக்கமாக நடந்து போனார்.

சொன்ன மாதிரியே நான் போகவில்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். எண்ணூர்க்காரர்கள் பலர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் யாரிடமும் அவரைப் பற்றி நான் விசாரித்ததில்லை.